பழைய பைக்: கடலூர், பாண்டி பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று 1974 புல்லட், இன்னொன்று 1983 எஸ்டி (Yezdi). துடைக்கத் துணியோடு உட்கார்ந்தால் போதும், தெருவில் போகிற யாராவது நின்று ஒரு சந்தேகம் கேட்பார். பெட்ரோல் பங்கில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். பதினைந்து வருடமாகக் கேட்டதை எண்ணிப் பார்த்தால் சுற்றிச் சுற்றி அதே பதினைந்து, இருபது கேள்விகள்தான். கேட்டவர் கேட்ட மாதிரியே எழுதிவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை, விரல் நகத்தில் கிரீஸ் போகாத ஆள், அவ்வளவுதான்.

"எத்தனை வருஷம் ஆனா வின்டேஜ் சார்? என்கிட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கு, அது வின்டேஜ்தானே?"

பேச்சில் பழசெல்லாம் வின்டேஜ்தான். சட்டத்தில் அப்படி இல்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, முதல் பதிவு ஆகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். வண்டி அதன் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸிலோ என்ஜினிலோ பெரிதாகக் கை வைத்திருக்கக் கூடாது.

ஆர்எக்ஸ் 100 நம் ஊரில் விற்பனைக்கு வந்ததே 1985 கடைசியில். 1996-ல் நிறுத்திவிட்டார்கள். உங்களுடையது முதல் மாதத்து வண்டியாகவே இருந்தாலும் 2035 வரை பொறுக்க வேண்டும். அதுவரை அது நல்ல பழைய வண்டி, அந்தப் பெயரும் மோசமில்லை.

"முதல் தடவையா வாங்கப் போறேன். புல்லட்டா, எஸ்டியா, ராஜ்தூத்தா?"

முதல் வண்டி என்றால் யோசிக்காமல் புல்லட் என்பேன். அழகுக்காகச் சொல்லவில்லை, சாமான் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி வண்டி அது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 70-களின் தொடக்கத்தில் மூடிய பிறகும் இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. அந்த 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி வார்ப்பிரும்பு என்ஜினை அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் போட்டார்கள். அதனால் பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ வண்டி நின்றாலும் கை வைக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

ஜாவா, எஸ்டி இரண்டும் மைசூர்ச் சரக்கு. 1961-ல் ஜாவாவாகத் தொடங்கி, பிறகு எஸ்டி என்று பெயர் மாறி, 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. இப்போது ஷோரூமில் நிற்கும் ஜாவா, எஸ்டியெல்லாம் பெயர் மட்டும் அதே, சாமான் ஒன்றும் சேராது. இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். ராஜ்தூத் 175 ஓட்ட எளிது, ஆனால் நம் பக்கம் சாமானுக்கு அலைய வேண்டும். ராஜ்தூத் 350 பற்றிக் கேட்பவரிடம் நான் முதலில் அவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பேன்.

"வண்டி பார்க்கப் போறப்ப முதல்ல எதைப் பார்க்கணும்?"

முதலில் ஆர்சி புத்தகம். அடுத்து, ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எழுத்து வரிசை கோணலாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தாலோ டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பிறகு என்ஜின் நம்பர்.

மூன்றாவது, சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பத்து வருடத்துக்கு முன் ஒரு கிராமத்தில் இதைப் பார்க்காமல் வாங்கினேன். ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனது, எனக்கோ ஒரே சந்தோஷம். மறுநாள் காலை ஆறின என்ஜினில் பன்னிரண்டு கிக். அந்த வாரக் கடைசிக்குள் கனெக்டிங் ராட் அடியில் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்து, என்ஜினைப் பிரித்துக் கிராங்க்கை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. ஆறின என்ஜின் பொய் சொல்லாது.

டயரில் பட்டன் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயர் என்றால் புது டயர் விலையையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஆர்சி இல்லண்ணே. ஆனா வண்டி சூப்பரா இருக்கு, பாதி விலைக்குத் தர்றாங்க."

வேண்டாம் தம்பி.

ஆர்சி தொலைந்துவிட்டது என்றால், பதிவில் பெயர் இருக்கிற உரிமையாளரே போலீஸில் சொல்லிச் சான்று வாங்கி, படிவம் 26-ல் நகல் எடுக்கலாம். அதை அவர் எடுத்துக் கொடுத்தபின் வாங்குங்கள். "நீங்க வாங்கிக்கங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவரிடம் வண்டி இருக்கும், உரிமை இருக்காது. உதிரிக்காக உடைக்கத்தான் வாங்குகிறேன் என்பதும் வேண்டாம், திருட்டு வண்டியாக இருந்தால் உதிரியும் திருட்டுதான்.

"தாத்தா பேர்லயே இருக்கு. அவர் போய் இருபது வருஷம் ஆச்சு. இப்ப என்ன பண்றது?"

இது பரவாயில்லை, நடந்து நடந்து முடிக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பது, படிவம் 31. இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை, அதனால் தாமதத்துக்குக் கூடுதலாகக் கட்டச் சொல்வார்கள். உங்கள் அத்தை, சித்தப்பா எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதுதான் இதில் கடினமான பாகம். வண்டிக்கு மதிப்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும் முன்பே வாங்கிவிடுங்கள் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அது சரியா தப்பா என்று நான் சொல்லமாட்டேன்.

இதோடு பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாக. வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், ஹாரன், பிரேக், விளக்கு எல்லாம் வேலை செய்ய வேண்டும். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். பசுமை வரி தனி.

"பாண்டி நம்பர் வண்டியை வாங்கிக் கடலூர்ல ஓட்டலாமா? இருபது கிலோமீட்டர்தானே!"

ரெட்டிச்சாவடி தாண்டினால் முள்ளோடை, அங்கிருந்து வேறு அரசு. டீக்கடைக்குத் தெரியாத எல்லை ஆர்டிஓ ஆபீஸுக்கு நன்றாகத் தெரியும். பிஒய் 01 வண்டியில் ஒரு வேலையாகக் கடலூர் வந்து போகலாம், தப்பில்லை. 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டினால் இங்கே பதிவை மாற்ற வேண்டும். விற்பவர் புதுச்சேரியில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதோடு பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பிறகு இங்கே வரி கட்டி டிஎன் 31.

கவலை என்னவென்றால், நம்பர் மாறிப் போகும். 1989-க்கு முந்தைய மூன்று எழுத்து நம்பர் மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அந்த நம்பருக்காகவே கடலூர் வண்டியாகத் தேடி இரண்டு வருடம் காத்திருந்தேன்.

"அப்ப விஏ நம்பர் வாங்கிட்டா பிரச்சினையே இல்லையே? கெத்தாவும் இருக்கும்."

முதல் கேள்வியில் சொன்ன 50 ஆண்டு வண்டிக்கான தனி வரிசை அது. மாநில எழுத்துக்குப் பிறகு விஏ என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்த நம்பரோடு தினம் ஆபீஸுக்குப் போக முடியாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம்.

என் புல்லட்டுக்குத் தகுதி வந்துவிட்டது. நான் வாங்கவில்லை. பழைய பதிவு உயிரோடு இருந்தால் அதையே புதுப்பித்துக்கொண்டு சில்வர் பீச் வரை ஓட்டுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பதிவே இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிக்கும், ஓட்டாமல் அழகுக்கு நிறுத்தி வைக்கும் வண்டிக்கும் விஏ சரி.

"புல்லட் கிக் திருப்பி அடிக்குது. மாமாவுக்குக் கணுக்கால் வீங்கிப் போச்சு."

மாமா பலத்தால் அடித்திருப்பார். புல்லட்டுக்குப் பலம் வேண்டாம், நேரம் பார்த்து அடிக்க வேண்டும். சாவியைப் போட்டதும் ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் (திறந்து மூடிப் பிளக்குக்குத் தீப்பொறி தரும் தொடுமுனை) மூடியிருந்தால் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக, கையால் மாவு அழுத்துகிற மாதிரி காலால் அழுத்துங்கள். ஓர் இடத்தில் இறுகும், முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது. இப்போது இடது கையால், சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு அங்குலம் மட்டும் கூடத் தள்ளுங்கள். லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் முழு நீளத்துக்கு ஒரே உதை.

இப்படிச் செய்தும் திருப்பி அடித்தால் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், முன்னால் போயிருக்கிறது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டைமிங். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் சிகரெட் பாக்கெட் மேலிருக்கும் கண்ணாடித் தாளைப் பாயிண்ட் நடுவில் செருகி, லேசாக இழுத்துப் பிடித்தபடி என்ஜினைச் சுற்றுவார். தாள் நழுவுகிற கணம்தான் பாயிண்ட் திறக்கிற கணம். அவர் சிகரெட் குடிக்கமாட்டார், தாளுக்காக ஒரு காலிப் பாக்கெட் வைத்திருந்தார்.

இன்னொன்று: பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டி ஓட்டிப் பழகியவர் பயத்தில் வலது காலை அழுத்துவார், கியர்தான் விழும். முதல் வாரம் விடியற்காலையில் மட்டும் ஓட்டுங்கள்.

"எஸ்டியில கிக்கர் எங்கங்க? தேடிப் பார்த்துட்டேன்."

கியர் லீவரேதான் கிக்கர். உள்ளே அழுத்தித் தூக்கினால் நிமிரும். ஸ்டார்ட் ஆனதும் மறுபடி கீழே இறக்கிவிட்டால் கியர். இது இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும், நான் லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுகிறேன். மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

"டேங்க் உள்ள ஒரே துரு. ஆசிட் ஊத்தலாமா?"

கழிவறை ஆசிட் ஊற்றாதீர்கள், துருவோடு தகரத்தையும் தின்றுவிடும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும். டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் 'காக்'-ஐக் கழற்றி ஓட்டையை அடைத்து, லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்து, டேங்க் நிரம்ப ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். ரொம்பக் கெட்டியான துரு என்றால் ஊற்றும் முன் ஒரு கைப்பிடி அளவு நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். போடும்போது எண்ணிப் போடுங்கள், எடுக்கும்போது எண்ணி எடுங்கள். மறுநாள் கொட்டிவிட்டுச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, உள்ளே கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றிச் சுழற்றிவிட வேண்டும். அரை மணி நேரம் சும்மா விட்டால் நம் ஊர்க் காற்றுக்குத் திரும்பச் சிவந்துவிடும்.

ஓட்டை இருந்தால் வெல்டிங் பட்டறைக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். காலி டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். பலமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துப் பற்ற வைக்கிறவரிடம் மட்டும் கொடுங்கள்.

"இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?"

ஓடும். ஆனால் 20 சதவீத எத்தனாலுக்கு இந்த ரப்பர்கள் செய்யப்படவில்லை. பழைய பெட்ரோல் குழாய் இளகிப் பிசுபிசுக்கும், கார்புரேட்டர் வாஷர் ஊதும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? நின்ற வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கும், மேலே சொன்ன துரு அங்கிருந்துதான் ஆரம்பம்.

குழாயை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். பத்து நாளைக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் 'காக்'-ஐ மூடி, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், கார்புரேட்டர் காலியாகும். ஓட்டம் வறட்சியாக, தும்மிக்கொண்டு போனால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போட்டுப் பாருங்கள். பாண்டியில் பெட்ரோல் விலை குறைவு என்று மாதக் கணக்கில் கேனில் வாங்கி வைக்கும் நண்பர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

"கடல் காத்துக்கு என்ன பண்றது? தேவனாம்பட்டினத்துல வீடு."

பீச் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்து ஒரே மாதத்தில் ரிம் புள்ளி புள்ளியாகிவிடும். பழைய பருத்திப் போர்வை போதும். ஸ்போக் வேரிலும் எர்த் ஒயர் முடிச்சிலும் கிரீஸ் தொட்டு வையுங்கள். விளக்கு மினுக்கினால் பாதி நேரம் எர்த்தில் பச்சை பிடித்திருப்பதுதான் காரணம், நேராக மேக்னெட்டைப் பிரித்துவிடாதீர்கள்.

"புயல் வெள்ளத்துல வண்டி முங்கிடுச்சு. தண்ணி வடிஞ்சதும் கிக் அடிச்சுப் பார்க்கலாமா?"

அடிக்கவே அடிக்காதீர்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் கரையேறி, அடுத்து தென்பெண்ணை பெருகி வந்தபோது இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எத்தனை போன் வந்தது என்று கணக்கில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் முட்டும், ராட் வளையும். தெரிந்தவர் ஒருவர் ஆசையில் தள்ளி ஸ்டார்ட் செய்து பார்த்து, ஐநூறு ரூபாயில் முடிகிற வேலையைக் கிராங்க் வரை கொண்டுபோனார்.

முதலில் வண்டி முழுக்க நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கையால் மெதுவாக என்ஜினைச் சுற்றி உள்ளே இருப்பதை வெளியே தள்ளுங்கள். எல்லா ஆயிலையும் இறக்குங்கள். புல்லட்டில் என்ஜின், கிளட்ச் பக்கம், கியர் பாக்ஸ் மூன்றும் தனித்தனி. என் வண்டியில் என்ஜின் ஆயில் நன்றாக இருந்தது, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கிளட்ச் பக்கத்தைத் திறந்தால் டீக்கடைப் பால் டீ நிறத்தில் ஊற்றியது. விலை குறைந்த ஆயில் ஊற்றி இரண்டு தடவை அலசி, மூன்றாவதாக நல்ல ஆயில். பிரேக் டிரம் இரண்டையும் திறந்து சேறு எடுங்கள், வீல் பேரிங் கிரீஸை மாற்றுங்கள். சைலன்சரைக் கழற்றிச் சாய்த்து வையுங்கள். எஸ்டி என்றால் இரண்டு சைலன்சரிலும் குடம் குடமாய் நிற்கும்.

"ஸ்பேர் எங்க வாங்குறீங்க? ஆன்லைன்ல நல்லா இருக்குமா?"

தேய்கிற சாமான் (கிளட்ச் பிளேட், கேபிள், பேக்கிங், ஆயில் சீல்) புதிதாக வாங்குங்கள், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். தேயாத சாமான் (மட்கார்டு, கியர் பாக்ஸ் மூடி, ஹெட்லைட் கூடு) பழையதாக வாங்குங்கள், புதுப்பேட்டை. சென்னைப் புதுப்பேட்டை. பண்ருட்டிப் பக்கம் இருக்கும் புதுப்பேட்டைக்கு ஒருவர் நிஜமாகவே போய் நின்றார். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்குவதற்குப் பில் கேளுங்கள்.

பாண்டி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஸ்பேனர் தேடிப் பார்க்கலாம். பழைய புல்லட்டில் பாதி நட்டுகள் பிரிட்டிஷ் அளவு, மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கும். பழைய சாமான் குவியலில் அந்த பிரிட்டிஷ் அளவு விட்வொர்த் ஸ்பேனர் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கேயும் கிடைக்காத புஷ், பின் என்றால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். தேய்ந்த மாதிரியைக் கொடுத்தால் தேய்ந்த அளவிலேயே கடைந்து தருவார், எதில் மாட்டுகிறதோ அதையும் கொண்டுபோங்கள்.

"12 வோல்ட், டிஸ்க் பிரேக், சத்தமான சைலன்சர்... மாத்தலாமா?"

6 வோல்டிலிருந்து 12 வோல்ட் மாற்றுவதை நான் ஆதரிக்கிறேன். ராத்திரி ஈசிஆரில் 6 வோல்ட் வெளிச்சம் அகல் விளக்கு மாதிரி. ஸ்டேட்டர், ரெகுலேட்டர், காயில், பல்பு, ஹாரன் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய சாமானைத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். சேசிஸை அறுப்பது, வேறு என்ஜின் ஏற்றுவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டும், முன்பு சொன்ன விஏ பதிவுக்கும் வழி அடைந்துவிடும். சைலன்சர்? பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

"ஷோரூம் மாதிரி குரோம், பெயிண்ட் பண்ணிடலாமா, இல்ல அப்படியே விடலாமா?"

சண்டை வருகிற கேள்வி. என் கட்சி: முதலில் வண்டிப் பத்திரங்கள், பிறகு என்ஜின், பிரேக், ஒயரிங். பெயிண்ட் கடைசி. ஆனால் பத்தில் எட்டுப் பேர் பெயிண்டில்தான் தொடங்குகிறார்கள், பணம் அங்கேயே தீர்ந்து பளபளவென்று ஓடாத வண்டி நிற்கிறது. பழைய பெயிண்ட் அறுபது சதவீதம் இருந்தால் நான் தொடமாட்டேன். டேங்கில் கையால் போட்ட தங்கக் கோடு இருந்தால் நிச்சயம் தொடமாட்டேன், ஸ்டிக்கரில் அந்த நடுக்கம் வராது.

குரோம் போடுவதாக இருந்தால் மேல் பூச்சு மட்டும் போதாது. செம்பு, நிக்கல், அதன்மேல் குரோம் என்று மூன்றும் வேண்டும். நிக்கல் மெலிதாக இருந்தால் உப்புக் காற்று ஒரே மழைக்காலத்தில் உள்ளே புகுந்துவிடும். நான் முதலில் கொடுத்த ரிம் அப்படித்தான் உரிந்தது. விலை பாதி சொன்னபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"மொத்தமா எவ்வளவு ஆகும்? உண்மையைச் சொல்லுங்க."

நோட்டில் எழுதியதைச் சொல்கிறேன். எஸ்டியை 28,000-க்கு வாங்கினேன். 40,000-ல் முடிப்பதாகத் திட்டம். மூன்று வருடத்தில் 1,12,000 எழுதிவிட்டு நோட்டை மூடினேன். அதன்பின் வாங்கியதை எழுதவில்லை. இன்சூரன்ஸ் மட்டும் சின்னச் செலவு: 150 முதல் 350 சிசி வரை ஆண்டுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 கட்டணப்படி 1,366 ரூபாய், வரி தனி. 346 சிசி புல்லட் அதற்குள் அடங்கும்.

"யூடியூப் பார்த்து என்ஜினை மொத்தமா பிரிச்சுட்டேன் அங்கிள். இப்ப மாட்டத் தெரியல."

பயப்படாதே. இனிமேல் எதையும் கழற்றாதே. கழற்றியதை ஒரே வாளியில் போட்டிருப்பாய், அதை வெளியே எடுத்து செய்தித்தாளில் பரப்பி, கிளட்ச் பக்கம், மேக்னெட் பக்கம், ஹெட், கார்புரேட்டர் என்று பிரித்து, தனித்தனி டப்பாவில் பெயர் எழுதிப் போடு. போனில் படம் எடுத்திருந்தால் கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கிப் போ. பேக்கிங், சர்க்ளிப் எதையும் பழையதை மாட்டாதே. மாட்டி முடித்தபின் ஒரு வாஷர் மிச்சமிருந்தால் நானும் அனுபவப்பட்டவன்தான், கண்டுகொள்ளாமல் விடச் சொல்வேன் என்று நினைக்காதே. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வா.